இருவருக்கும் ஒரே தோல்

ரமா செத்துப்போன பிறகு சில மாதங்கள் வரை சுபத்ரா இரும்புலியூர்த் தெருக்களில் நடமாடவே கூச்சப்பட்டாள். எதிரே வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றுவிடுவார்கள். இஸ்திரி போடுகிறவர் தூக்கிய பெட்டியைக் கீழே வைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பால் பூத்தில் ஒரு பெண்மணி "ஐயோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரட்டையரில் ஒருத்தியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த தெரு அது. அதே முகமும் அதே நடையும் மறுபடி கறிவேப்பிலை வாங்க வந்து நின்றால் யார்தான் நின்று பார்க்க மாட்டார்கள்?

பெற்ற தாய் சாவித்ரிக்கே சின்ன வயதில் இருவரையும் பிரித்தறிய ரிப்பன் தேவைப்பட்டது. ரமாவுக்குச் சிவப்பு, சுபத்ராவுக்கு நீலம். அப்பா பட்டாபிராமன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் கடைசிவரை "ஏய், யாரும்மா அது?" என்று கேட்டுத்தான் கூப்பிடுவார். ரமா சில நிமிடங்கள் மூத்தவள். அந்தச் சில நிமிடங்களை வைத்துக்கொண்டு அவள் அக்கா என்ற அதிகாரத்தை முழுசாகச் செலுத்தினாள். முதலில் கல்யாணம் ஆனதும் அவளுக்குத்தான். மாப்பிள்ளை தசரதன், பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மேடவாக்கத்தில் வாடகை வீடு. அப்போது அங்கே வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம்.

கல்யாணமான வருஷமே அது நடந்தது. ஐப்பசி மழையில் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் அக்காவும் தங்கையும் கை கோத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரமாவுக்கு மட்டும் கால் வழுக்கியது. கை நழுவி, நாலைந்து படி உருண்டு, தலையில் அடி. தையல் போட்டார்கள், ஆறியது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு கீழே சாய்ந்தாள். வலிப்பு.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "ஒரு வேளைகூட விடக்கூடாது. நடுவுல நிறுத்தினா வலிப்பு பலமா திரும்பி வரும்" என்று எச்சரித்து அனுப்பினார். தசரதன் அந்தச் சொல்லை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். காலையில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் அவனே எடுத்துக் கொடுப்பான். மாலையில் வந்து செருப்பைக் கழற்றுமுன், "போட்டியா?" என்று கேட்பான்.

மூன்றாவது வாரம் ரமாவுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை எரிந்தது, கண் சிவந்தது. மார்பில் கருஞ்சிவப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. பார்க்கப் போன சாவித்ரி புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா. ஆஸ்பத்திரி மருந்துன்னு யாரும் பேசக்கூடாது. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

இரும்புலியூர் வீட்டின் பின்னறையில் வேப்பிலை விரித்து ரமாவைப் படுக்கவைத்தார்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தக்கூடாது என்றுதானே டாக்டர் சொல்லியிருந்தார்? தசரதன் காலையும் மாலையும் மேடவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தான். ரமாவின் வாயெல்லாம் புண்ணாகி விழுங்க முடியாமல் போனபோது மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து, விரல் நுனியால் நாக்கில் தடவினான்.

புள்ளிகள் கொப்புளமாயின. கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரு நாள் அவளைத் தூக்கி உட்காரவைக்கலாம் என்று சுபத்ரா முழங்கையைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் தோல் நகர்ந்தது. ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம் போல, விரலோடு வழுக்கிக்கொண்டு போனது. சுபத்ரா கத்தவில்லை. தன் கையில் ஒட்டியிருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

அன்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டாக்டர் ரமாவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்பதுதான். அதுவரை யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை. உடனே நிறுத்தினார்கள். அம்மையும் இல்லை ஒன்றும் இல்லை, மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் முழுக்கக் கழன்றுகொண்டிருக்கிறது என்றார்கள். நெருப்பே படாத உடம்பு தீக்காய வார்டில் கிடந்தது.

இமைகள் ஒட்டிக்கொண்டு ரமாவால் கண் திறக்க முடியவில்லை. பக்கத்தில் இருப்பது தங்கைதான் என்று எப்படியோ கண்டுகொண்டாள்.

"சுபா, என் மூஞ்சி எப்படி இருக்கு?"

சுபத்ரா அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "என் மூஞ்சி மாதிரி இருக்கு."

ரமா சிரிக்கப் பார்த்தாள். உதடு இடம் கொடுக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று, வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போதே சாவித்ரி தசரதனைப் பார்த்துச் சொன்னாள்: "உன் கையாலதானே ஊட்டின? இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே." அவன் எழுந்தான். மூலையில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான். வேப்பிலை விரித்தது யார் என்று சுபத்ராவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அம்மாவின் குரல் அவ்வளவு உரக்க வந்தது என்பதும் சுபத்ராவுக்குப் புரிந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு சுபத்ராவின் வாழ்க்கை வெளியே பார்க்கிறவர்களுக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. சேலையூரில் ஒரு பள்ளியில் காமர்ஸ் டீச்சர் ஆனாள். ஹேமநாத் என்கிற பொறுமைசாலியைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஸ்ம்ருதி பிறந்தாள். பட்டாபிராமன் காலமானதும் சாவித்ரி இவர்களோடு வந்துவிட்டாள். ஆனால் இத்தனை வருஷத்தில் சுபத்ரா ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. காய்ச்சலுக்கு ஈரத்துணி. தலைவலிக்குத் தைலம்கூட இல்லை, இருட்டறைதான். பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா ஊசியையும் மறுத்தாள். கொரோனா தடுப்பூசியை மட்டும் பள்ளியில் கட்டாயம் என்றதால் போட்டுக்கொண்டு, அன்று பொழுது சாயும்வரை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பில் எங்கே சிவந்தாலும் அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

"கொசு கடிச்சிருக்கும்மா" என்பான் ஹேமநாத்.

"ரமாவுக்கும் முதல்ல இவ்ளோதான் இருந்தது" என்பாள் அவள்.

அவளை ஆட்டிவைத்தது மருந்துப் பயம் மட்டும் இல்லை. இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ரமாவைக் கொன்றது எதுவோ அது ரமாவோடு எரிந்துபோகவில்லை, அது தன்னிடமும் இருக்கிறது, தன் தோலுக்கு அடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. படிக்காதவள் நினைக்கிற நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அப்படியும் அது போகவில்லை.

சென்ற ஆண்டு அவளுக்கு முகத்தில் வலி வந்தது. வலது கன்னத்தில், திடீரென்று, கரண்ட் பாய்ந்தது மாதிரி. பல் தேய்த்தால் வரும். ஷேர் ஆட்டோவில் காற்று அடித்தால் வரும். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு பிள்ளையின் பெயரைப் பாதியில் விட்டுவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்து, மரத்துப்போகும் ஊசிகூட வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். பல் டாக்டர் பயந்துபோய் ஹேமநாத்தையும் உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். பல் போனது. வலி போகவில்லை.

கடைசியில் ஹேமநாத் அவளைத் தாம்பரத்தில் அசரியா என்கிற நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் அசரியா நிதானமாகக் கேட்டார், கன்னத்தைத் தொடாமலே புரிந்துகொண்டார்.

"இது பல் இல்லம்மா. முகத்துக்குப் போற நரம்பு. பயப்படாதீங்க, இதுக்கு நல்ல மாத்திரை இருக்கு" என்று பேனாவைத் திறந்தவர், எழுதுவதற்கு முன்னால் நிமிர்ந்து, "உங்களுக்கோ வீட்ல யாருக்காவதோ எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்றார்.

"என் அக்கா செத்துட்டா" என்றாள் சுபத்ரா. "வலிப்பு மாத்திரை." அந்த மாத்திரையின் பெயரையும் சொன்னாள். இத்தனை வருஷமாக வாயில் வராத பெயர் அது. ஹேமநாத்தே அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டான்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். அவர் எழுத இருந்ததும் அதே மாத்திரைதான்.

"கூடப் பிறந்த அக்காவா?"

"ட்வின்ஸ்."

"ஒரே மாதிரி இருப்பீங்களா?"

"எங்கம்மாவுக்கு ரிப்பன் வேணும், சார்."

அசரியா மருந்துச் சீட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் எதுவும் கொடுப்பேன் என்றார். அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சுபத்ராவுக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது.

முடிவு வந்த அன்று அவர் அவளுக்கு நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் வாசல்ல கையை நீட்டிக்கிட்டே நிக்கும்னு வைங்க. உள்ள என்ன இருக்குன்னு அந்தக் கையில எடுத்துக் காட்டும். ரத்தத்துல ரோந்து சுத்தற வெள்ளணு அதைத் தொட்டுப் பார்த்துட்டு, நம்ம ஆள்தான்னு போயிடும். அந்தக் கையோட வடிவம் ஆளுக்கு ஆள் வேற. அப்பா அம்மாகிட்டேர்ந்து வர்றது. உங்களுக்கு இருக்கிறது ஒரு அபூர்வமான வடிவம். இந்த மாத்திரை போய் அதுல ஒட்டிக்கும். வெள்ளணு தொட்டுப் பார்க்கும்போது யாரோ அந்நியன் மாதிரி தெரியும். அப்புறம் தோல் பூராவும் எதிரின்னு நினைச்சு அழிக்க ஆரம்பிச்சிடும்."

"அப்போ மாத்திரை விஷம் இல்லையா?"

"எனக்கு இல்ல. அநேகமா சாருக்கும் இருக்காது. உங்களுக்கு ஆகாது. இந்த மரபணு இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லம்மா. ஆனா இருக்குன்னு தெரிஞ்ச பிறகு யாரும் அதைக் கொடுக்க மாட்டாங்க. இதோட சேர்த்து இன்னும் ரெண்டு மூணு மருந்தும் வேண்டாம், எழுதித் தர்றேன். மத்ததுக்கெல்லாம் நீங்க பயப்பட வேண்டியதே இல்ல. காய்ச்சல் மாத்திரை போடுங்க. பல் பிடுங்கினா ஊசி போட்டுக்கோங்க."

ஹேமநாத் பெருமூச்சு விட்டான். சுபத்ராவுக்கு அந்த நிம்மதி வரவில்லை. இருக்கிறது, இருக்கிறது என்று இத்தனை காலம் அவளுக்குள் முனகிக்கொண்டிருந்தது பொய்யில்லை. அது உண்மையாகவே உள்ளே இருந்தது. அதற்கு ஒரு பெயரும் எண்ணும்கூட இருந்தது. மேம்பாலப் படியில் ரமாவின் கால் வழுக்கியது, தன் கால் வழுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அது ஒன்றுதான்.

"அவ சாப்பிட்டப்போ இந்த டெஸ்ட் இருந்ததா, சார்?"

"இல்லம்மா. இந்தத் தொடர்பையே அதுக்குச் சில வருஷம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. கொடுத்த டாக்டருக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல."

"புள்ளி வந்த அன்னைக்கே நிறுத்தியிருந்தா?"

"பிழைக்க வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும். நிச்சயமா சொல்ல முடியாது."

புது மாத்திரையை முதல் தடவை விழுங்கியபோது சுபத்ரா பாதித் தண்ணீரைப் புடவையில் கொட்டிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் அவள் மனம் இப்போது வேறொருவனைச் சுற்றிக்கொண்டிருந்தது. தசரதன் மேடவாக்கத்தில் எந்தக் குடியிருப்பில் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி அதே இடம். அவனுக்கு இரண்டாம் கல்யாணம் ஆனதும், மனைவியின் பெயர் சரிதா என்பதும்கூட அவள் வழியாகத்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

குடியிருப்பு வாசலை அடைத்துக்கொண்டு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் மணியை அடித்தாள். கதவைத் திறந்த பெண் ஒரு நொடி கதவைப் பிடித்தபடியே நின்றாள். யார் என்று கேட்கவில்லை.

"போட்டோவுல பார்த்திருக்கேன்" என்றாள் சரிதா. பிறகு சுதாரித்துக்கொண்டு, "உள்ள வாங்க. உட்காருங்க. அவரைக் கூப்பிடறேன்" என்றாள்.

தசரதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். தலை நரைத்திருந்தது. துண்டை எடுத்தவன் அவளைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"மாமா, நான் சுபா" என்றாள் அவசரமாக.

"தெரியும். தெரியுதும்மா." அவன் எதிரே உட்கார்ந்தான். "கொஞ்ச நேரம் அப்படியே இரேன்."

சுபத்ராவுக்குப் புரிந்தது. அவன் தன்னைப் பார்க்கவில்லை. காதோரத்து நரையை, கண்ணுக்குக் கீழே விழுந்த கோடுகளை, தடித்துப்போன தாடையைப் பார்த்தான். ரமா இருந்திருந்தால் இப்போது எப்படி இருந்திருப்பாளோ அதை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சரிதா சமையலறைக்குள் போய்க் காபிப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். காபியைக் கொண்டுவந்து வைத்ததோடு சரி, அதற்கு மேல் அவள் வெளியே வரவில்லை.

பிறகு சுபத்ரா எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையைப் பற்றி, ரத்தத்தைப் பற்றி, தனக்கும் அதேதான் இருக்கிறது என்பதைப் பற்றி. அவன் குறுக்கிடாமல் கேட்டான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"நான் தேன்ல குழைச்சுக் குடுத்தேனே, அதெல்லாம் குடுக்காம இருந்திருந்தா இருந்திருப்பாளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவனுக்கும் அது போதும். இந்த வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் அவள் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"இருந்திருக்கலாம், மாமா. நாங்க வேப்பிலை போட்டுப் படுக்க வைக்காம அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருந்தாலும் இருந்திருக்கலாம். அம்மா உங்க தலையில மட்டும் போட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன், ஒரு வார்த்தை பேசல."

தசரதன் துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "டாக்டர் நிறுத்தக்கூடாதுன்னு சொன்னார்" என்றான். யாருக்கோ சொல்வதுபோல இரண்டு தடவை சொன்னான். பிறகு அழுதான். அழுது முடிந்து காபி குடித்தான்.

வீட்டுக்கு வந்து சுபத்ரா அம்மாவிடம் சொன்னாள். அம்மாவோ அப்பாவோ, யாரோ ஒருவரிடமிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. சாவித்ரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்போ நானே குடுத்ததா?"

"அப்பாவாகவும் இருக்கலாம்மா. உனக்கும் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும்."

"வேண்டாம்." சாவித்ரி தலையை அசைத்தாள். "போய்ச் சேர்ந்தவர்மேல பழியைப் போட்டுட்டு நான் எத்தனை நாள் உயிரோட இருக்கப் போறேன்? எனக்குன்னே இருக்கட்டும்."

அதன் பிறகு சில வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கொடுத்தது உயிர், அதோடு இதுவும் சேர்ந்து போயிருக்கிறது, யார் தெரிந்து செய்தார்கள் என்று சுபத்ரா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அவள் நினைப்பு காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் ஓடும். ஸ்ம்ருதிக்கும் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அவளுக்கும் இருந்தது.

"அம்மா, இது நாலு மாத்திரையோட பேரு. அதைச் சாப்பிட மாட்டேன். அவ்ளோதான் மேட்டர்" என்றாள் ஸ்ம்ருதி போனில். மாத்திரைகளின் பெயர் எழுதி டாக்டர் கொடுத்த அட்டையைத் தன் போன் உறைக்குள் செருகிக்கொண்டுவிட்டதாகச் சொன்னாள். அவள் குரலில் பயம் துளியும் இல்லை. சுபத்ராவுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ செய்யவும் செய்தது. இந்தக் குழந்தைக்கு ரமாவைத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதானே எதையும் சொல்லாமலே வளர்த்தாள்?

ரமாவின் திதி வந்தது. சாவித்ரி காலையில் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு மகள் முன்னால் நின்றாள். "மாப்பிள்ளையை வரச் சொல்லு" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

தசரதன் வந்தான். வாசற்படியில் தயங்கி நின்றான். சாவித்ரி மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. "உள்ள வாங்க, வெயில்" என்று மட்டும் சொன்னாள். இலை போட்டு அவளே பரிமாறினாள். சாப்பிட்டு முடிந்ததும் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவ உங்க வீட்ல இருந்த கொஞ்ச மாசம் எனக்குத் தெரியவே தெரியாது. எப்படி இருந்தா?" என்று கேட்டாள்.

தசரதன் யோசித்தான். "வலிப்பு வந்த பிறகு வெளியே போகப் பயப்படுவான்னு நினைச்சேன், அத்தை. அவ பயப்படல. தெருவுல இருக்கிற ஒவ்வொரு கடையா போய்ச் சொல்லிட்டு வந்தா. மளிகைக் கடை, பூக்காரம்மா, சைக்கிள் கடைக்காரர் எல்லார்கிட்டயும். 'நான் திடீர்னு கீழ விழுந்தா பயப்படாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, கொஞ்ச நேரத்துல எழுந்துடுவேன்'னு. அந்தப் பூக்காரம்மா அவளை விட்டுப் பார்வையை எடுக்கவே மாட்டாங்க. அவ தெருமுனை திரும்பற வரைக்கும் எழுந்து நின்னு பார்ப்பாங்க."

"அப்புறம்?" என்றாள் சாவித்ரி.

அவன் சொல்லிக்கொண்டே போனான். வீட்டுக்காரரோடு ரமா தண்ணீருக்காகப் போட்ட சண்டை, அவள் வைத்து உப்பாகிப்போன குழம்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை உட்காரவைத்து ஆங்கிலப் பேப்பர் படிக்கச் சொன்னது. சாவித்ரி ஒரு இடத்தில் சிரித்தாள், இன்னொரு இடத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். சுபத்ரா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன் முகத்தோடும் தன் குரலோடும் ஒருத்தி, தான் ஒருபோதும் போகாத தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்து, ஹேமநாத் விளக்கைப் போட எழுந்தபோது, சாவித்ரி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"இருங்க. அவர் சொல்லி முடிக்கட்டும்" என்றாள்.